காரணம் தெரியாமல் குணமானவள்

குன்னூரில் தொழிலாளர் நல மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அதில் எழுபத்து மூன்றாம் ஆண்டு ஒரு புதுப் பிரிவு தொடங்கினார்கள். 'மகப்பேறின்மைக் காரணம் கண்டறியும் தனிப்பிரிவு' என்று அதற்குப் பெயர். பெயர் நீளமாக இருந்ததால் பலகையும் நீளமாக அமைந்து இரண்டு ஜன்னல்களை மறைத்துவிட்டது. அதனால் உள்ளே பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் வேலாயி நாலு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

வேலாயியும் அவள் புருஷன் அய்யாவுவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கலியாணம் செய்து, அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு நாள் கூப்பிட்டு, நீங்கள் இந்தியர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்துவிட்டு, கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறை ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். கலியாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதற்காக யாரையும் அவர்கள் குறை சொன்னதில்லை. பக்கத்து அறைக் குழந்தைகளுக்கு வேலாயி தலை சீவிவிடுவாள். சீவி முடித்ததும் சீப்பைக் கழுவி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்வாள். அவ்வளவுதான்.

புதுப் பிரிவுக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ஒவ்வொரு தோட்டமும் இரண்டு பேரை அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் வேலாயியின் பெயரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது பெயர் கிடைக்காததால் அய்யாவுவின் பெயரையும் எழுதினார்.

பிரிவின் எழுத்தர் வெள்ளியங்கிரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதை தெரிந்த மனிதர். நோயாளிகளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அவர்களை வருத்துவார்.

"ஏனுங்கம்மிணி, இந்தப் படிவத்துல மொத்தம் இருபத்தோரு கட்டமுங்க. பேரு, வயசு, ஊரு எல்லாம் நான் ரொப்பிட்டனுங்க. பதினேழாவது கட்டம்தான் பாக்கி. காரணம்னு போட்டிருக்குது பாருங்க. உங்களுக்குக் குழந்தை இல்லாததுக்கு என்னங்க காரணம்?"

வேலாயி அய்யாவுவைப் பார்த்தாள்.

"அதைக் கேக்கத்தானுங்களே ஐயா வந்திருக்கோம்?" என்றான் அய்யாவு.

"அதுஞ்சரிதானுங்க. ஆனா கட்டம் காலியா இருந்தா கோப்பை மூட முடியாதுங்க. மூடற வரைக்கும் நீங்க செவ்வாய்க்கெழமெ செவ்வாய்க்கெழமெ வரோணும்."

தனிப்பிரிவின் தலைவர் டாக்டர் கருணாகரன். நல்லவர். கெட்டிக்காரர். தன் பிரிவில் காரணம் இல்லாமல் ஒரு கோப்பும் மூடப்படாது என்ற விதியைத் தன் கையாலேயே எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அந்த விதியை அவர் மீறியதும் இல்லை. பாதி வழியில் வராமல் நின்றுவிட்ட பெண்களின் கோப்புகளில்கூட 'காரணம்: ஒத்துழையாமை' என்று எழுதித்தான் மூடினார். இப்படி முதல் வருஷத்திலேயே முப்பத்திரண்டு கோப்புகள் மூடப்பட்டு, பிரிவுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. வேலாயி செய்த ஒரே தவறு, ஒவ்வொரு செவ்வாயும் தவறாமல் வந்ததுதான்.

முதலில் அய்யாவுவைச் சோதித்தார்கள். வெள்ளியங்கிரி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்து, அதில் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதைக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தோட்டத்திலிருந்து கட்டபெட்டுக்கு ஏறி வர முக்கால் மணி. அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி. அய்யாவு புட்டியை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தான். அன்று பனி. ரிப்போர்ட்டில் 'அசைவு இல்லை' என்று வந்தது.

"தம்பி, உன்னிடம் உயிர் இல்லை" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் புட்டியைக் கம்பளித் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. மறுபடியும் உயிர் இல்லை. மூன்றாவது தடவை தபித்தாள் என்ற நர்ஸ் அம்மாள் புட்டியைக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த கக்கூஸைக் காட்டி, "அங்க போய்த் தொலைஞ்சு, இங்கயே குடுத்துட்டுப் போயேம்ப்பா. இதுக்கு எதுக்கு கட்டபெட்டுக்கும் குன்னூருக்கும் அலையுதெ?" என்றாள். ஒருவருக்கும் தோன்றாத யோசனை. ரிப்போர்ட் மிக நன்றாக வந்தது. அய்யாவுவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அடுத்த நிமிஷமே, அப்படியானால் குறை வேலாயியுடையது என்றல்லவா ஆகிறது என்று தோன்றி, சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டான். பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் வேலாயியின் முறை. ரத்தம் எடுத்தார்கள். குழாயில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். மருந்தை ஏற்றிப் படம் பிடித்தார்கள். கர்ப்பப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் மேசைமேல் படுத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த விதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. சட்டம் போட்டிருந்ததால் ஏதோ சாமி வாசகம் என்று நினைத்திருந்தாள். வலிக்கும்போது அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

எல்லாம் சரியாக இருந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சி ஒன்றைக் கொடுத்து, தினமும் காலையில் எழுந்திருக்குமுன், பேசுமுன், வாயில் வைத்துப் பார்த்துக் குறித்து வரச் சொன்னார்கள். லயத்தில் விடியும்போதே குழாயடியில் வரிசை நிற்கும். வேலாயி வாயில் குச்சியோடு படுத்திருக்க, வெளியே அவள் குடத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு வருஷம் வேலாயியின் குடம்தான் கடைசிக் குடம். அய்யாவு குறித்துக் கொடுத்த கோடு மாதாமாதம் இறங்க வேண்டிய நாளில் இறங்கி, ஏற வேண்டிய நாளில் ஏறியது. டாக்டர் கருணாகரன் அதைப் பார்த்து மெய்ம்மறந்து, பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

அந்தக் கோட்டின்படி மாதத்தில் மூன்று நாள் முக்கியமானவை என்று தெரிந்தது. அய்யாவுவுக்கு ஃபேக்டரியில் இரவு வேலை. ஆகவே பதின்மூன்று, பதினாலு, பதினைந்தாம் நாட்களில் அவனுக்கு லீவு தர வேண்டும் என்று பிரிவு தோட்டத்துக்கு எழுதியது. தோட்டத்து ஆபீஸ் ஒழுங்கான ஆபீஸ். எந்த லீவையும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"அய்யாவு, பொஞ்சாதிக்குப் பதினாலாம் நாள். லீவு!" என்று கணக்கப்பிள்ளை உரக்க வாசித்தார்.

முந்நூறு பேர் சிரித்தார்கள். வேலாயி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். அன்று அவள் பறித்த கொழுந்துதான் களத்திலேயே அதிகம் என்று சொன்னார்கள். அய்யாவு லீவு வேண்டாமென்று வேலைக்கே போய்விட்டான்.

ஒரு குறையும் அகப்படாத பெண் என்ற செய்தி பரவியது. நர்சிங் படிக்கும் பெண்களைக் கூட்டி வந்து வேலாயியைக் காட்டினார்கள். அவளைப் படுக்கவைத்து, டாக்டர் கருணாகரன் ஒரு குச்சியால் சுட்டிக்காட்டிப் பேசினார்.

"பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் உடம்பு எப்படி இருக்க வேண்டுமோ, அப்படியே இருக்கிறது. இந்த அம்மாவிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் இந்த அம்மாவிடம் உள்ள குறை. குறை இருந்திருந்தால் நாங்கள் குணப்படுத்தியிருப்போம். எங்களால் முடியாதது என்று ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு காரணம்."

பெண்கள் எழுதிக்கொண்டார்கள். வேலாயி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, அப்ப எனக்குப் புள்ள பொறக்குமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வகுப்பில் நேரம் ஒதுக்கப்படவில்லை.

மூன்றாம் வருஷம் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. காரணம் இங்கே அகப்படவில்லை என்றால், அது சிலோனிலேயே தங்கிப்போயிருக்க வேண்டும். அட்டன் தோட்டத்து மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பதினாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதில் சிங்களத்தில் இருந்தது.

"நீங்க சிலோன்காரங்கதானுங்களே? இதைப் படிச்சுச் சொல்லுங்க" என்று வெள்ளியங்கிரி நீட்டினார்.

"கொஞ்சம் பேசுவோம் ஐயா. படிக்கத் தெரியாது" என்றான் அய்யாவு. "அங்க எங்கள இந்தியாக்காரங்கன்னுதான் சொன்னாங்க."

கடிதம் சென்னைக்குப் போய் மொழிபெயர்க்கப்பட்டு வர மேலும் ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டே வரி. 'இந்தப் பெயருள்ளவர் இங்கே இல்லை. அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார், அங்கே விசாரிக்கவும்.'

வேலாயியைப் பற்றி டாக்டர் கருணாகரன் ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசிக்கச் சென்னைக்குப் போனார். போனவர் அங்கேயே ஒரு பயிற்சியில் சேர்ந்துவிட்டதால் தனிப்பிரிவு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. சோதனை இல்லை. குச்சி இல்லை. பதினாலாம் நாள் என்று யாரும் வாசிக்கவில்லை. வேலாயி விடிந்ததும் எழுந்து குடத்தை முதலாவதாக வைத்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் சேர்ந்தே சமைத்தார்கள். ஒரு செவ்வாய் கோத்தகிரிச் சந்தைக்குப் போய் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினார்கள். பச்சை நிறம். அவளுக்கு அது நன்றாக இருந்தது.

அந்த மூன்று மாதத்தில் வேலாயி கர்ப்பமானாள்.

முதலில் அவள் நம்பவில்லை. மூன்றாவது மாதமும் தள்ளிப்போனபிறகு, மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். மாலையில் அய்யாவுவிடம் சொன்னபோது அவன் எழுந்து வெளியே போய், மறுநாளைக்குத் தேவைப்படாத விறகையெல்லாம் வெட்டிப்போட்டுவிட்டு வந்தான்.

"இந்தாங்க, என்னமாச்சும் சொல்லுங்களேன்" என்றாள் வேலாயி.

"என்னத்தச் சொல்றது புள்ள? வாயைத் தொறந்தா அழுதுருவேன் போல இருக்கு."

நாலாம் மாதம் ஆஸ்பத்திரிப் பிரசவப் பிரிவில் பெயர் கொடுக்கப் போனார்கள். அங்கே சாந்தாமணி என்ற எழுத்தர் அம்மாள் பேரேட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, உங்க பேருல தனிப்பிரிவுல கோப்பு ஓடுதுங்களே. குழந்தை பொறக்காதவங்கன்னு அங்கெ இருக்கறப்ப, குழந்தை பொறக்கப்போறவங்கன்னு இங்கெ எப்படிங்க எழுதறது? ஒரே ஆளு ரண்டு பக்கம் இருக்க முடியாதுங்களே. அதை மூடிட்டு வாங்க."

தனிப்பிரிவு அதற்குள் திறந்துவிட்டிருந்தது. வெள்ளியங்கிரி உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் பதினேழாவது கட்டம் காலியாக இருந்தது. டாக்டர் கருணாகரன் வேலாயியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எதனால் இல்லாமல் இருந்தது என்று தெரியாது. எதனால் உண்டானது என்றும் தெரியாது. காரணம் தெரியாமல் குணமானால் அது குணமே அல்ல, அம்மா. அது வெறும் சம்பவம். சம்பவத்தை வைத்துக் கோப்பை மூட முடியாது. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை டாக்டர்கள் கூடுவோம். அன்று வாருங்கள்."

முதல் செவ்வாய் வந்தாள். கூட்டத்துக்குப் போதிய டாக்டர்கள் வரவில்லை. அடுத்த வாரம் வந்தாள். கூட்டம் நடந்தது; காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கையெழுத்து பாக்கி. ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி ஏற்றம், ஒரு மணி பஸ், வளைவுக்கு வளைவு குலுக்கல். மூன்றாவது தடவை திரும்பும்போது இடுப்பு வலிக்கிறது என்றாள். அய்யாவு தன் துண்டை மடித்து அவளுக்கு அடியில் போட்டான்.

அந்தச் சனிக்கிழமை ரத்தம் பட்டது. தோட்டத்து லாரியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பிரசவப் பிரிவில் அவள் பெயர் இல்லை. சாந்தாமணி பேரேட்டை இரண்டு தடவை புரட்டினாள். ஆனாலும் பெயர் இல்லை. தனிப்பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறக்கும். அய்யாவு மனைவியைக் கையில் ஏந்திக்கொண்டு இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த நடையில் நின்றான்.

"யாராச்சும் வாங்களேன்! எந்தப் பக்கம்னாலும் சரி, வாங்களேன்!"

தபித்தாள்தான் ஓடி வந்தாள். "பேரேடும் மயிரும்! எடு அந்தக் கட்டில!" என்று சத்தம் போட்டாள். சீட்டு இல்லாமல் உள்ளே கொண்டுபோனாள். கூப்பிட்ட டாக்டர் வர ஒன்றரை மணி ஆனது. அதற்குள் முடிந்துவிட்டது. வேலாயி பிழைத்துக்கொண்டாள்.

அவளை வீட்டுக்கு அனுப்ப ஒரு காகிதம் வேண்டியிருந்தது. பிரசவப் பிரிவில் பெயர் இல்லாததால் தனிப்பிரிவுதான் அதைத் தர வேண்டும். டாக்டர் கருணாகரன் கோப்பை வாங்கினார். நாலு வருஷம் காலியாகக் கிடந்த பதினேழாவது கட்டத்தில் ஒரு நிமிஷத்தில் எழுதினார்: 'கரு கலைந்ததற்குக் காரணம்: நோயாளியின் தேவையற்ற பயணம்.' காரணம் கிடைத்துவிட்டதால் கோப்பு அன்றே மூடப்பட்டது. வெள்ளியங்கிரி நாடாவைக் கட்டும்போது முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அன்று அவர் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்துத் தனிப்பிரிவின் ஐந்தாம் ஆண்டு விழா வந்தது. ஆண்டறிக்கையில் 'கருத்தரித்தவர்: ஒருவர்' என்று அச்சாகியிருந்தது. கருத்தரிப்போடு அந்தப் பிரிவின் வேலை முடிந்துவிடுவதால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிரசவப் பிரிவில் அவளை ஒருபோதும் பதியாததால் அதன் அறிக்கையிலும் ஒன்றும் இல்லை. அந்த ஒருவரை விழாவுக்கு அனுப்பும்படி தோட்டத்துக்குக் கடிதம் போனது.

"நீ போக வேணாம் புள்ள" என்றான் அய்யாவு. "அவனுங்க மூஞ்சியில முழிக்க வேணாம்."

"போகணுங்க. எனக்கு ஒண்ணு கேக்கணும்."

பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியையும் வரவழைத்திருந்தார்கள். டாக்டர் கருணாகரன் பேசினார்.

"பெரியோர்களே! இந்தச் சகோதரி இலங்கையிலிருந்து வெறும் கையோடு வந்தவர். அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? பதினொரு சோதனைகள் கொடுத்தோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு இத்தனை சோதனைகள் கிடைத்திருக்குமா? எங்கள் பிரிவு பூட்டியிருந்தபோதுதான் கருவுற்றார் என்று சிலர் பேசுகிறார்கள். நான் பெருமையோடு சொல்கிறேன், பூட்டியிருக்கும்போதும் வேலை செய்கிற பிரிவு எங்கள் பிரிவு ஒன்றுதான்!"

கைதட்டினார்கள். அதிகாரி வேலாயிக்கு மாலை போட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாள். அவள் குரல் சின்னக் குரல்.

"ஐயா, எம்புள்ளைய எங்க போட்டீங்க?"

டாக்டர் கருணாகரன் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். பிறகு குனிந்து மெல்லச் சொன்னார்: "அது எங்கள் பிரிவுக்கு உட்பட்டதல்ல, அம்மா."

பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியபோது தபித்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அய்யாவுவையும் வரச் சொன்னாள். துணி துவைக்கும் கொட்டகையைத் தாண்டி, பின்வேலி ஓரம் வரிசையாக நின்ற சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் கூட்டிப்போனாள். ஒலிபெருக்கியில் அதிகாரியின் பேச்சு அங்கேயும் கேட்டது.

"வழக்கமா போடுத எடம் வேற இருக்கும்மா. எனக்கு மனசு வரல. துணியில சுத்தி நானே கொண்டாந்து இங்க வச்சேன். கல்லு வச்சிருக்கேன் பாரு."

வேலாயி கல்லைப் பார்த்தாள். "ஆம்பளயா, பொம்பளயாம்மா?"

"பொண்ணு. நல்லா மொகமெல்லாம் தெரிஞ்சிச்சு."

வேலாயி தலையை ஆட்டினாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதற்கு ஒருவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஈரமண்ணில் உட்கார்ந்தாள். அய்யாவு குத்துக்காலிட்டு, புதுக் கன்றைச் சுற்றிச் செய்வதுபோல, கல்லைச் சுற்றிப் புல்லை வேரோடு பிடுங்கத் தொடங்கினான். குனிந்தவன் நிமிரவில்லை. கீழே ரோட்டில் கோத்தகிரி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வேலாயி கேட்டாள்:

"தல எந்தப் பக்கம்மா?"

தபித்தாள் கையை நீட்டிக் காட்டினாள். வேலாயி மெல்ல அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.